நவச்சாரத்தின் இரண்டு வேலைகள்

செல்லூரில் எங்கள் தெருவில் ஈயம் பூசுகிறவர் குரல் கேட்டால் பரணிலிருந்து பித்தளை அண்டா இறங்கும். கரியடுப்பில் துருத்தி ஊதி, அண்டா நன்றாகச் சூடேறியதும் வெள்ளைப் பொடியைத் தூவுவார். குப்பென்று புகை. அது அடங்குவதற்குள் ஈயத்தை இழுத்து, துணியால் ஒரு சுழற்று. உள்பக்கம் வெள்ளியாக மின்னும். பொடியின் பெயர் நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பின்னது உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடை அரித்துவிடுவதால்தான் ஈயம் பிடிக்கிறது. (பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயம் விஷம்.)

களிம்பை, அதாவது உலோகத்தின் மேல் ஏறும் படலத்தை, ஓட்டுகிற இதே பொடி, தண்ணீரில் கரைத்துச் செம்பில் தெளித்தால் களிம்பை வளர்க்கும்! சிற்பிகள் வேண்டுமென்றே ஏற்றும் பச்சை நிறத்துக்கான பழைய கைமுறைகளில் இதுவும் ஒன்று.

உள்ளங்கையளவு செம்புத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்து நானும் செய்து பார்த்தேன். முதல் முறை தோல்வி. சித்திரை வெயிலில் தெளித்த நீர் நொடியில் காய்ந்து உப்புப் பூத்ததுதான் மிச்சம். ஈரம் இருந்தால்தானே வேதிவினை நடக்கும்? அடுத்த முறை, கரைசலில் நனைத்த மரத்தூளுக்குள் தகட்டைப் புதைத்து டப்பாவை மூடினேன். முதலில் செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்து செம்பழுப்புப் படலம். அப்புறம் குளோரைடு அதை ஊடுருவி, காரக் குளோரைடு என்கிற பச்சை நிறச் செம்பு உப்பு. தூள் அழுத்திய இடம் ஒரு நிறம், விலகிய இடம் வேறு நிறம் என்று மூன்றாம் நாள் திட்டுத்திட்டாக வந்தது. நீலம் வேண்டுமென்றால் அம்மோனியா ஆவி காட்ட வேண்டும். ஆனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே வரக்கூடாது.

1886இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுதந்திர தேவி சிலை பச்சையாகச் சில பத்தாண்டுகள் பிடித்தன. அங்கே பச்சையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் சல்பேட் வகைச் செம்பு உப்பு. அது கெட்டியாக ஒட்டி அடியிலுள்ள செம்பைக் காக்கிறது. நம் அவசரக் குளோரைடு அப்படியல்ல. மிச்சம் இருந்தால் ஈரக்காற்றில் உள்ளே அரித்துக்கொண்டே போகும். அதனால் நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்து, மெழுகு பூச வேண்டும். மெழுகு பட்டதும் பச்சை ஒரு படி இருண்டுவிடுகிறது.

செம்பு உப்புகள் விஷம், சமையல் பாத்திரத்தில் வேண்டாம். என் தகட்டின் ஓரத்தில் மட்டும் நிறமே ஏறவில்லை: தேய்த்த பிறகு வெறுங்கையால் பிடித்த இடம் அது, விரல் எண்ணெய் நீரை ஒட்டவிடவில்லை.