நானோ மாத்திரை: உடலில் சேர்ந்தால் மட்டும் போதுமா?

எடை குறைப்புக்கென்று விற்கப்படும் சத்து மாத்திரை டப்பாக்களில் அண்மைக் காலமாக ஒரு சொல் குடியேறியிருக்கிறது: நானோ. நானோ குர்குமின், நானோ கிரீன் டீ, லிப்போசோமல் இது, மைசெல் அது. கூடவே "சாதாரண மாத்திரையைவிட 27 மடங்கு உறிஞ்சப்படும்" என்கிற மாதிரி ஒரு எண். உணவியல் ஆலோசனைக்கு வருகிறவர்கள் பையிலிருந்து இவற்றை எடுத்து என் மேசையில் வைக்கும்போது பெரும்பாலும் ஒரே கேள்விதான் வருகிறது: "மேடம், இது உடம்பில் முழுக்கச் சேருமாமே, சாப்பிடலாமா?"

தொழில்நுட்பம் ஏமாற்று வேலை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். ஒரு பொருளைச் சில நூறு நானோமீட்டர் அளவுக்கு அரைத்தால் அதன் மொத்தப் பரப்பு பன்மடங்கு பெருகும். குடலில் சீக்கிரம் கரையும். எண்ணெய்ச் சிறுதுளிக்குள்ளோ லிப்போசோம் எனப்படும் கொழுப்புப் படலத்துக்குள்ளோ வைத்து அனுப்புவது இன்னொரு வழி. நம் பித்தநீர் இதைத்தான் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் செய்கிறது. கொழுப்பை உடைத்து, மைசெல் எனப்படும் நுண்திரள்களாக்கிக் குடல் சுவரிடம் ஒப்படைக்கிறது. சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் கொடுக்கப்படும் சிரோலிமஸ் மாத்திரை, நானோ படிகமாக அரைக்கப்பட்டு 2000-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது.

சத்து மாத்திரை உலகில் இதற்கு முதல் ஆள் குர்குமின். மஞ்சளில் சுமார் 3 சதவீதம்தான் இது இருக்கிறது. நீரில் கரையாது. தப்பித் தவறி உள்ளே நுழைவதையும் குடல் சுவரும் கல்லீரலும் வேறு பொருளோடு பிணைத்து வெளியே தள்ளிவிடும். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். உறிஞ்சப்பட்ட அளவு 2,000 சதவீதம் கூடியது. இன்றும் விளம்பரங்களில் புழங்கும் எண் இது. அதே ஆய்வில் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அது கண்டறிய முடியாத அளவிலோ மிகக் குறைவாகவோதான் இருந்தது. ஏறக்குறைய ஒன்றுமில்லாததை இருபது மடங்காக்கினால் எவ்வளவு வரும்? விளம்பரம் மடங்கைச் சொல்லும். எதன் மடங்கு என்று சொல்லாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. பல ஆய்வுகளில், கல்லீரல் பிணைத்துவிட்ட குர்குமினையும் பிரித்தெடுத்து "மொத்தக் குர்குமின்" என்று கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். தனித்துத் திரியும் குர்குமின் அதில் ஒரு சிறு பங்குதான்.

சரி, சேர்ந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். எடை குறையுமா? இதற்கு, எடை குறைப்பு மாத்திரையாக விற்கப்படும் கொடம்புளியைப் பார்க்கச் சொல்வேன். அதிலுள்ள ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம் நீரில் நன்றாகக் கரையக்கூடியது. குர்குமினுக்கு உள்ள தொல்லை இதற்கு இல்லை. 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் கூடுதல் எடை உள்ள 135 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 3.2 கிலோ குறைந்தது. வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 4.1 கிலோ குறைந்தது! இரு பிரிவினரும் கடைப்பிடித்த உணவுக் கட்டுப்பாட்டுக்குத்தான் அந்தப் பெருமை சேர வேண்டும்.

இதற்கு நேர் எதிர் ஆர்லிஸ்டாட். எடை குறைப்புக்கு முறையாக அனுமதிக்கப்பட்ட மருந்து அது. ஆனால் ரத்தத்தில் ஏறக்குறைய சேர்வதே இல்லை. குடலுக்குள்ளேயே நின்று கொழுப்பைச் செரிக்கும் நொதியைத் தடுத்துவிட்டுப் போய்விடும். உறிஞ்சுதலும் பலனும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

உறிஞ்சுதலைக் கூட்டுவதை ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. நீரிழிவுக்கான செமக்ளூட்டைட் மாத்திரையில் உறிஞ்சுதலுக்கென்றே ஒரு துணைப் பொருள் சேர்த்திருக்கிறார்கள். அப்படியும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் உள்ளே போகிறது. ஊசியாக வாரம் 1 மில்லிகிராம் போதுமென்றால், மாத்திரையாகத் தினமும் 14 மில்லிகிராம் தேவைப்படுகிறது. வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இத்தனையும் மனிதர்களிடம் சோதித்து அறிந்தவை. சத்து மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் மடங்குக் கணக்கு. பின்பக்கம் இந்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண், அதன் அருகில் பொடி எழுத்தில் "மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல" என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. துகளின் அளவு என்ன என்று நான் பார்த்த டப்பாக்களில் பெரும்பாலும் போட்டிருப்பதில்லை.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது கல்லீரல். பலன் கூடுகிறதோ இல்லையோ, உள்ளே போகும் அளவு கூடினால் தீங்குக்கான வாய்ப்பும் கூடும். மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு ஏற்படக்கூடும் என்று 2023-இல் எச்சரித்த ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, உறிஞ்சுதல் கூட்டப்பட்ட வகைகளிலும் அதிக அளவிலும் அபாயம் கூடுதலாக இருக்கலாம் என்று தனியாகக் குறிப்பிட்டது. சமையலில் போடும் மஞ்சளுக்கு இது பொருந்தாது. சாம்பாரைக் கண்டு பயப்பட வேண்டாம். கிரீன் டீ சாற்றின் முக்கிய வேதிப்பொருளான இஜிசிஜி நாளொன்றுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் உயர்கின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. அந்த வரம்பு சாதாரணச் சாற்றை வைத்துப் போட்டது. நானோவாக்கி உறிஞ்சுதலைக் கூட்டிய பிறகு அதே மில்லிகிராம் கணக்கை நம்பி விழுங்க முடியாது. பைப்பரின் சேர்த்தவற்றில் இன்னொரு சிக்கல்: கல்லீரல் வெளியே தள்ளிவிடாமல் அது குர்குமினை மட்டும் காப்பாற்றுவதில்லை. வலிப்புக்கான ஃபெனிடாயின் போன்ற மருந்துகளின் ரத்த அளவையும் உயர்த்திவிடும்.

வைட்டமின் டி கதையையும் சொல்ல வேண்டும். பருமனாக உள்ளவர்களுக்கு ரத்தத்தில் இது குறைவாகவே இருக்கும். குறையைச் சரிசெய்வது சரி. அதனால் எடை குறையாது. "நானோ" என்று போட்டு 60,000 யூனிட் கொண்ட சிறு பாட்டில்கள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. வாரம் ஒன்று என்று டாக்டர் எழுதியதைத் தினம் ஒன்றாகக் குடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னிடம் வந்தார். "டானிக் மாதிரி இனிப்பாகத்தானே இருக்கிறது மேடம், சீக்கிரம் இளைக்கட்டும் என்று குடித்தேன்" என்றார். வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம். வைட்டமின் டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும் என்பதால் கால்சியம் பரிசோதனைக்கு அன்றே அனுப்பினேன்; இயல்பைவிட வெகுவாக உயர்ந்திருந்தது.

ஏற்கெனவே நானோ மாத்திரை ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள், சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகிறது, கண் மஞ்சளாகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது, காரணமில்லாமல் அசதி என்றால், மாத்திரையை நிறுத்திவிட்டு டப்பாவோடு டாக்டரிடம் போங்கள். "மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் இதையும் சொல்லுங்கள். இயற்கைப் பொருள்தானே என்று பலர் சொல்லாமல் விடுகிறார்கள்.

பருமன் சிகிச்சையில் உறிஞ்சுதல் உண்மையாகவே உயிர்ப் பிரச்சினையாகும் இடம் ஒன்று உண்டு: இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். உணவு குடலின் ஒரு பகுதியைத் தாண்டிப் போவதால் இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் குறையும். கொழுப்பில் கரையும் வைட்டமின்களை நீரில் கலக்கும் மைசெல் வடிவில் கொடுப்பதற்கு அர்த்தம் இருப்பது இங்கேதான். கால்சியத்தில்கூட, வயிற்று அமிலத்தை நம்பியிருக்கும் கார்பனேட்டைவிட சிட்ரேட் இவர்களுக்கு ஏற்றது. ஆனால் அறுவை முடிந்து எடை இறங்கியதும் வைட்டமின் மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்களில் சிலர், அதே மாதம் பக்கத்துக் கடையில் நானோ குர்குமின் வாங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் அந்த டப்பாவை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, பி12 கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள் என்றுதான் ஆரம்பிக்கிறேன்.