வெள்ளப் படத்துக்கு முன் மழைப் படம்

வெள்ளம் எங்கே எவ்வளவு ஏறும் என்று கணக்கிடும் கணினி மாதிரி ஓடி முடிந்ததும் பலர் முதலில் திறப்பது நீரின் ஆழத்தைக் காட்டும் படத்தைத்தான். கொழும்புக்குப் பக்கத்துக் கொலன்னாவையில் நீரைக் காட்டும் நீலம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்க்கும் ஆவல். நான் முதலில் மழையைத் திறப்பேன். அது பிழைத்தால் ஆழத்தைப் பார்த்துப் பயனில்லை.

ஹெக்-ராஸ் போன்ற மென்பொருள் நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் மேலும் மழையைப் பொழியவிடும். அந்த மழையை வரைபட மென்பொருளில் நேரப்படி ஓட்டிப் பார்க்கலாம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கட்டம் 20 என்று காட்டுகிறது. சரி, 20 என்ன? மணித்தியாலத்துக்கு 20 மில்லிமீற்றர் என்ற வேகமா, தொடக்கத்திலிருந்து சேர்ந்த மொத்தமா, மண் உறிஞ்சியது போக மிஞ்சியதா? சந்தேகம் வந்தால் நேரத்தைக் கடைசிவரை இழுங்கள். மழை விட்ட பிறகும் நிறம் வெளிறவில்லையென்றால் அது வேகமல்ல, சேர்ந்த அளவு.

செய்மதி அளந்த மழையில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். ஜிபிஎம் செய்மதித் திட்டத்தின் அரை மணித்தியாலக் கோப்பில் இருப்பதும் மணித்தியால வேகம்தான். 20 என்றால் அந்த அரை மணித்தியாலத்தில் பெய்தது 10. அப்படியே கூட்டினால் மழை இரட்டிப்பாகிவிடும். அதன் ஒரு கட்டம் சுமார் 11 கிலோமீற்றர் அகலம், கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரை ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். நேரமும் கிரீன்விச் நேரம், நம்முடையதற்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். இங்கே மழைமானியை வாசிப்பது காலை 8.30க்கு, அதாவது அங்கே அதிகாலை 3.00. நள்ளிரவிலிருந்து நள்ளிரவுக்குக் கூட்டி மழைமானியோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒத்துப்போகாது.

சில வேளை மழை கொழும்பிலேயே இருக்காது, கடலில் கிடக்கும்! இடங்களை எண்களால் குறிக்கும் இலங்கையின் பழைய ஆள்கூற்று முறை 200,000 மீற்றரிலிருந்து எண்ணத் தொடங்குகிறது, 1999 இன் புதியது 500,000 மீற்றரிலிருந்து. பழைய கோப்பைப் புதியதென்று மென்பொருளிடம் சொன்னால் எல்லாம் 300 கிலோமீற்றர் மேற்கேயும் அதேயளவு தெற்கேயும் போய் விழும். இது நல்ல பிழை, உடனே கண்ணில் படும். நிற அளவுகோல் செய்யும் பிழைதான் ஆளை ஏய்ப்பது. மென்பொருளின் போக்கில் விட்டால் இருப்பதில் மிகக் கூடியதற்குக் கடும் நீலம் பூசும். 5 மில்லிமீற்றர் தூறலும் பிரளயமாகத் தெரியும். அளவுகோலை நாமே பூட்டி வைப்பது நல்லது.

அப்புறம், நகரத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். 2010 நவம்பரில் கொழும்பிலேயே கொட்டிய மழை நாடாளுமன்றம் வரை வந்தது. அதற்கு நகரப் படம் போதும். 2016 மேயில் களனி கங்கை பெருகியபோது மேலே மலைப்பக்கம் பெய்த மழையும் கீழே வந்து சேர்ந்தது. அப்படியான வெள்ளத்துக்குப் படத்தை மலைப்பக்கத்துக் கித்துல்கல வரை விரித்து, மழையையும் ஆழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். பெரும்பாலும் மேலே மழையின் நீலம் வெளிறிய பிறகுதான், கீழே களனிக் கரையிலுள்ள ஹங்வெல்லவிலும் அதற்கும் பின்னால் கடுவெலவிலும் ஆறு உச்சத்துக்கு ஏறும்.