மேல்தண்ணியும் அடித்தண்ணியும்: டெல்டாவைக் கடைமடையிலிருந்து படிப்பது

நீர்வளம் படிக்கும் மாணவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று குழுவாகச் சிதம்பரம் பக்கம் களப்பயிற்சிக்கு வருகிறார்கள். கடலூரிலிருந்து, புதுச்சேரியிலிருந்து, சில சமயம் காரைக்காலிலிருந்தும். வந்திறங்கியதும் முதல் கேள்வி: "சார், அணைக்கரைக்கு எப்போ போறோம்?"

ஆசை நியாயமானதுதான். அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய கீழணையை நேரில் பார்க்காமல் ஒருவர் பாசனப் பொறியாளர் ஆகக்கூடாது. இருந்தாலும் முதல் நாள் நான் அங்கே கூட்டிப்போவதில்லை. கிள்ளைப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல்களுக்குப் போகிறோம். அங்கேயும் வாய்க்காலை விட்டுவிட்டு வடிகால் கரையில் நிறுத்துவேன்.

இந்தப் பழக்கம் என் சொந்தத் தவறிலிருந்து வந்தது.

வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப வருடங்கள். மழை குறைந்த ஒரு ஜனவரி. சம்பா பூக்கும் தருணம், வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. ஒரு விவசாயி வடிகாலில் இன்ஜின் வைத்து இறைக்கலாமா என்று கேட்டார். நான் வாளியில் மொண்டு, உப்பு மீட்டரை விட்டுப் பார்த்தேன். 1.4 டெசிசீமென்ஸ் காட்டியது, நெல் தாங்கும் அளவுதான். "தாராளமா இறைங்க ஐயா" என்றேன். பத்து நாளில் இலை நுனி கருகியது. அறுவடையில் பாதி பதர். அவர் திட்டவில்லை. "தம்பி, நீங்க மேல்தண்ணியைப் பார்த்தீங்க. என் ஃபுட்வால்வு அடியில இல்ல கிடக்கு" என்றார். தண்ணீரை உறிஞ்சும் குழாயின் வாயைச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கடல் நீர் கனம் அதிகம், நல்ல தண்ணீர் கனம் குறைவு. முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறும் உப்புநீர் அடியில் ஆப்பு மாதிரி நுழைகிறது. மேலே வாய்க்கால் கசிவும் மழைநீரும் மெல்லிய படலமாக மிதக்கும். வாளி அந்தப் படலத்தைத்தான் மொள்ளும். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு படம் உண்டு, பரீட்சையில் வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வடிகால் கரையில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை.

சரி, இந்த இடம் ஏன் இப்படி இருக்கிறது? காவிரியைவிடக் கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. விட்டால் தண்ணீர் முழுக்கக் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும், காவிரி மணல் மேடாகிவிடும். அதைத் தடுக்கத்தான் முக்கொம்பில் மேலணை. மேலணையைத் தாண்டிக் கொள்ளிடத்தில் வருவதைக் கீழணை மறித்து வடவாறு, வடக்கு ராஜன் வாய்க்கால், தெற்கு ராஜன் வாய்க்கால் என்று பிரிக்கிறது. கடலூர் மாவட்டத்தின் டெல்டா பகுதி இந்தப் பிரிவை நம்பி இருக்கிறது. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஒன்றியங்கள் இருப்பது அதனால்தான். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. அந்தத் தேதிகளுக்கும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரும் நாளுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்து வைக்கச் சொல்வேன். காரைக்கால் மாணவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்த புதுச்சேரியின் பங்கு 7 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). காகிதத்தில் உள்ள அந்த ஏழு, வயலுக்கு வந்து சேரும் கதையை அவர்கள் வீட்டில் கேட்டே வளர்ந்திருப்பார்கள்.

மாணவர்கள் அடிக்கடி கொண்டுவரும் செய்தித்தாள் தலைப்பு ஒன்று உண்டு: கொள்ளிடத்தில் இத்தனை ஆயிரம் கன அடி வீணாகக் கடலில் கலக்கிறது. முதலில் கணக்குப் போடச் சொல்வேன். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. வெள்ள காலத்தில் பெரிய அளவு போவது உண்மைதான், தேக்க முடிந்ததைத் தேக்கத்தான் வேண்டும். ஆனால் 'வீண்' என்ற சொல்லோடு எனக்குச் சண்டை உண்டு. அந்த வெள்ளம்தான் அடியில் படுத்திருக்கும் உப்பைத் தள்ளி வெளியே அனுப்புகிறது. முகத்துவார மணல் திட்டை உடைக்கிறது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக்கும் இறாலுக்கும் அதுவே உயிர். வெள்ளமே வராத வருடத்தில் கிள்ளைக் கிணற்று நீரைக் குடித்துப் பாருங்கள், அந்தத் தலைப்பை மறுபடி எழுதத் தோன்றாது.

வீராணத்துக்கு இரண்டாம் நாள் போவோம். பராந்தக சோழன் காலத்து ஏரி. இன்று முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. கீழணைத் தண்ணீர் வடவாறு வழியே இங்கே வருகிறது. 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் போகிறது, நாளுக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்டம். "விவசாயிக்கா, சென்னைக்கா" என்று கரையிலேயே பட்டிமன்றம் தொடங்கிவிடும். பேசட்டும். அதற்கு முன் கணக்கு. 18 கோடி லிட்டர் என்றால் விநாடிக்குச் சுமார் 74 கன அடி. ஏரி நிரம்பியிருந்து, வரத்தும் வேறு செலவும் இல்லையென்றால் ஏறக்குறைய 230 நாள் வரும். ஆனால் வேறு செலவு இருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் 5 மில்லிமீட்டர் ஆவியானால் அது 50 லட்சம் லிட்டர். வீராணம் ஆழமில்லாமல் அகன்று கிடக்கும் ஏரி. வண்டல் ஏற ஏற ஆழம் குறையும், வெயில் குடிக்கும் பங்கு குறையாது. யாருக்கும் போகாத அந்தப் பங்கை எழுதிய பிறகு பட்டிமன்றம் கொஞ்சம் அடங்கும்.

இப்போது சிக்கனம் பற்றி. சிக்கனம் என்று நாம் சொல்வதில் பாதி, இடம் மாறினால் பொய்யாகிவிடும். வாய்க்காலுக்கு சிமென்ட் பூசினால் கசிவு நிற்கும், தண்ணீர் மிச்சம் என்பார்கள். கசிந்த தண்ணீர் எங்கே போனது என்று கேட்க வேண்டும். நிலத்தடி நீர் நல்லதாக உள்ள மேல்பகுதியில் அது கீழே இறங்கி, பக்கத்து போர்வெல்லில் திரும்ப வருகிறது. அங்கே சிமென்ட் போட்டால் மிச்சமில்லை, கிணற்றுக்காரர் பங்கை வாய்க்கால்காரருக்கு மாற்றுகிறீர்கள். கடலோரத்தில் கசியும் நீர் உப்பு நிலத்தடி நீரில் கலந்து திரும்பாது. அங்கே பூசினால் உண்மையாகவே மிச்சம். பணம் பெரும்பாலும் எந்த முனையில் செலவாகிறது என்பதை நீங்களே போய்ப் பாருங்கள்.

காய்ச்சலும் பாய்ச்சலும் முறையும் அப்படித்தான். வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவது. பூக்கும் சமயம் மட்டும் வயலில் நீரைத் தேக்கி வைப்பது. நல்ல முறை, நானே பல ஊரில் குழாய் நட்டிருக்கிறேன். ஆனால் அடியில் உப்பு இருக்கும் வயலைக் காயவிட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உப்பு மேலே ஏறும். காலையில் வயலில் வெள்ளையாகப் பூத்திருக்கும். மேலே தேங்கும் நல்ல தண்ணீரின் பாரம்தான் அங்கே காவல். மேல்பகுதியில் வெற்றி பெற்ற முறையை அப்படியே கடைமடைக்குக் கொண்டுபோய், கேட்கவில்லை என்று விவசாயியைக் குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

தூர்வாருவதிலும் இதே கதை. மேலே வாய்க்காலைத் தூர்வார வேண்டியதுதான். கடலோர வடிகாலை மட்டும் கணக்கில்லாமல் ஆழப்படுத்தி, கீழ்முனையில் கடல்நீரைத் தடுக்கும் ஷட்டர் (ரெகுலேட்டர்) இல்லாமல் விட்டால் கடலுக்கு வெட்டிக்கொடுத்த வழி ஆகிவிடும். கொள்ளிடத்தில் மணல் அள்ளி ஆழமானதும் அதே விளைவைத்தான் தருகிறது.

வெள்ளத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கடலூரை வடிகால் மாவட்டம் என்பார்கள். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் இங்கே வந்துதான் கடலைத் தேடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணையில் இறங்கியபோது கடலூர் பக்கமும் பாகூர் பக்கமும் மூழ்கின. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாளில் கடல் ஏறி நிற்கும் நேரத்தில் வடிகால் வடியாது. அதனால் மழை அளவோடு திதியையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்வேன். மாணவர்கள் சிரிப்பார்கள், பஞ்சாங்கமா சார் என்று. மீனவரைக் கேளுங்கள் என்பேன்.

களத்துக்குப் போகிறவர்கள் விலையுயர்ந்த கருவி தேடி நிற்க வேண்டாம். ஆர்.ஓ. மிஷின் விற்பவர் வைத்திருக்கும், நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரே ஆரம்பத்துக்குப் போதும். அதில் 640 காட்டினால், உப்பு மீட்டரின் அளவில் ஏறக்குறைய ஒரு டெசிசீமென்ஸ். நெல்லுக்குப் பாய்ச்சும் நீர் 2-க்குள், அதாவது டி.டி.எஸ். 1,280-க்குள் இருந்தால் பெரிய பயமில்லை. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் கூடுதல் கவனம் வேண்டும். பாட்டிலில் கல்லைக் கட்டி, மூடியில் தனியாக ஒரு கயிறு கட்டி, அடிக்கு இறக்கிய பிறகு மூடியை இழுத்துவிடுங்கள். அடித்தண்ணீர் கிடைக்கும். கிணற்று மட்டத்தை மே கடைசியில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை அளந்து எழுதுங்கள். ஷட்டர் திறக்கும் ஆளோடு ஒரு டீ குடியுங்கள். எந்த அறிக்கையிலும் இல்லாதது அவரிடம் இருக்கும்.

பதர் கண்ட அந்தப் பெரியவருக்கு ஒரு மீட்டர் வாங்கிக் கொடுத்திருந்தேன். கடனைத் தீர்க்க அல்ல, அது தீராது. போன பிப்ரவரியில் போன் செய்தார். உளுந்துக்கு ஒரு தண்ணீர் கட்ட வேண்டுமாம். "தம்பி, மேல ஆயிரத்துக்குக் கீழ காட்டுது. அடியில நாலாயிரம். ஃபுட்வால்வை மேலே தூக்கி மிதக்குற டிரம்ல கட்டிட்டேன். ஒன்றரை மணி நேரம் ஓடுச்சு. அப்புறம் மேல்தண்ணியும் ரெண்டாயிரத்தைத் தொட்டுச்சு, நிறுத்திட்டேன். நாளைக்குக் கடல் வடியுற நேரம் பார்த்து மறுபடி ஓட்டலாம்னு இருக்கேன். உங்க பசங்க வந்தா அனுப்புங்க, டிரம்மைப் பிடிக்க ஆள் வேணும்."