குழாயில் கெட்ட தண்ணீர் வருகிறதா? புகாரைவிட மாதிரிதான் முக்கியம்

குடிநீர் எப்படி இருக்க வேண்டும் என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 10500 என்ற தரத்தில் வகுத்திருக்கிறது. மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலி கிருமி 100 மில்லி தண்ணீரில் அறவே இருக்கக் கூடாது. கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரினில் எஞ்சியது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். 2019-இல் அதே அமைவனம் 21 நகரங்களின் குழாய்த் தண்ணீரைச் சோதித்தபோது மும்பை மட்டுமே முழுமையாகத் தேறியது. சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம் உள்ளிட்ட 13 நகரங்களில் ஒரு மாதிரிகூடத் தேறவில்லை. குழாய்த் தண்ணீருக்கு அந்தத் தரம் அப்போது கட்டாயமாக இருக்கவில்லை.

ஆகவே, கெட்ட தண்ணீர் வருகிறது என்பதை நிரூபிக்கும் சுமை நம் தலையில்தான் விழுகிறது. சாக்கடை நாற்றம் அடித்த தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போன ஒரு பெண்ணுடன் நானும் குடிநீர் வழங்கும் அலுவலகத்துக்குச் சென்றிருக்கிறேன். பாட்டிலைத் திறந்துகூடப் பார்க்காமல், "உங்கள் தொட்டியைக் கழுவுங்கள் அம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் பிடித்தது மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் என்பதால் பதில் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

எனவே, சம்ப்புக்குள் விழுவதற்கு முன்னால், தெருக்குழாயிலிருந்து நேராக வரும் இடத்தில் மாதிரி எடுங்கள். விட்டுவிட்டுத் தண்ணீர் விடும் ஊர்களில், குழாய் காலியாகி அழுத்தம் குறையும் நேரத்தில்தான் விரிசல் வழியே கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. அதனால் தண்ணீர் வரத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் பிடிப்பதே உண்மையைக் காட்டும். நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

ஆய்வகத்தில் மக்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வெறுமனே "தண்ணீர்ச் சோதனை" என்று கேட்டால், உப்பு, கடினத்தன்மை போன்ற வேதியியல் சோதனையை மட்டும் செய்து, குடிக்கத் தகுந்தது என்று எழுதித் தந்துவிடக்கூடும். கிருமிச் சோதனையைத் தனியாகக் கேளுங்கள். அதற்கு ஆய்வகமே தரும் கிருமிநீக்கிய பாட்டில்தான் வேண்டும். பிடித்ததை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிட வேண்டும். வடிகட்டி விற்க வருபவர் காட்டும் டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைத்தான் சொல்லும்; கழிவுநீர் கலந்திருப்பதைக் காட்டாது.

இத்தனை செய்தும், "மாதிரி விண்ணப்பதாரரால் கொண்டுவரப்பட்டது" என்ற ஒற்றை வரியைக் காட்டி அறிக்கையைத் தள்ளிவிடுவார்கள். அதைத் தவிர்க்க, உங்கள் முன்னிலையில் அலுவலரே மாதிரி எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பே கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, சான்றிடப்பட்ட மாதிரி எடுக்கும் உரிமையையும் தருகிறது. அந்தச் சட்டத்தின்கீழ் மனு போட்டு, குளோரின் அளவுப் பதிவேட்டின் நகலையும் அதிலேயே கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணி நேரம்தான் கெடு என்பதால், வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் மருத்துவரின் சீட்டையும் இணையுங்கள்.

அடுத்து, "பழுது உங்கள் காம்பவுண்டுக்குள் இருக்கிறது" என்பார்கள். ஒரே தெருவில் நான்கைந்து வீட்டார் சேர்ந்து, வீட்டு எண்களுடன் ஒரே மனுவில் கையெழுத்திட்டால் அந்தச் சாக்கு நிற்காது. வாடகைக்கு இருப்பவர்கள் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். குடிநீர் வரி ரசீதில் உள்ள இணைப்பு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

பள்ளம் தோண்டாமலே, "புகார் தீர்க்கப்பட்டது" என்று கைபேசிக்குச் செய்தி வரலாம். அன்றே பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடியும் எழுதுங்கள். அடுத்த முறை தண்ணீர் விடும்போது இன்னொரு மாதிரியும் எடுத்துவிடுங்கள்.