பூச்சியின் பெயர் செடியில் இருக்கிறது

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு வாசல் சுவரில், மீட்டர் பெட்டிக்குக் கீழே அது ஒட்டியிருந்தது. காய்ந்த இலை என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே போனால் இலைக்குக் கால்கள் இருந்தன. றெக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 10 செ.மீ. வந்தது. பாசிப் பச்சை நிறம், அதில் வெள்ளையும் வெளிர் ரோஜாவுமாக வளைந்து வளைந்து ஓடும் பட்டைகள். மழைக்காலத்துப் பளிங்குத் திண்ணையைச் சின்னதாக வெட்டி ஒட்டியது போல இருந்தது.

"விட்டில் கண்ணு அது. தொட்றாத, அந்தத் தூளு பட்டா கண்ணு போயிரும்" என்றார் அம்மா. மகள் கைபேசியில் படம் பிடித்து ஒரு செயலியில் போட்டாள். அது மூன்று பெயர்களைச் சொன்னது. அதில் இரண்டு, இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத வெளிநாட்டுப் பூச்சிகள்.

அந்தத் தூள் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கையில் ஒட்டுவது விஷமல்ல, செதில்கள். ஓட்டுக்கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி றெக்கை முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். நிறமும் கோலமும் அவற்றில்தான் இருக்கின்றன, அவை உதிர்ந்தால் கீழே கண்ணாடிக் காகிதம் போன்ற சவ்வுதான் மிஞ்சும். சிலந்தி வலையில் மாட்டினால் செதில்களை வலைக்குக் கொடுத்துவிட்டுப் பூச்சி நழுவிவிடுகிறது. கண்ணில் விழுந்தால் எந்தத் தூசியும் உறுத்தத்தான் செய்யும், கண் போகாது. நிஜமாகவே பயப்பட வேண்டியது கம்பளிப்பூச்சிகளின் சுணைக்குத்தான்.

அம்மா சொன்ன 'விட்டில்' பெரிய சாக்குப்பை. விளக்கைச் சுற்றும் எல்லாவற்றையும் அதில் போட்டுவிடலாம். இந்தியாவில் பட்டாம்பூச்சி இனங்கள் 1,300க்கும் மேல், அந்துப்பூச்சி இனங்களோ 10,000க்கும் மேல். பட்டாம்பூச்சிகளுக்கு அழகழகாகத் தமிழ்ப் பெயர் வைத்தாகிவிட்டது. ராத்திரியில் வருகிறவற்றை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

இத்தனையில் ஒன்றைக் கண்டுபிடிக்க எல்லோரும் நிறத்தில்தான் ஆரம்பிக்கிறோம், நானும் அப்படித்தான். அது கோளாறான இடம். றெக்கை தேய்ந்தால் நிறம் மங்கும், டியூப் லைட்டில் பச்சை பழுப்பாகும், ஆண் ஒரு நிறத்திலும் பெண் இன்னொரு நிறத்திலும் இருக்கலாம். பதிலாக, அது உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பாருங்கள். நிழலுருவம் மட்டும் போதும். பட்டாம்பூச்சிகளில் பெரும்பாலானவை ஓய்வெடுக்கும்போது றெக்கைகளை முதுகுக்கு மேல் கைகூப்பிய மாதிரி சேர்த்துக்கொள்ளும். அந்துப்பூச்சிகளில் பல குடிசைக்கூரை போலச் சரித்து வைக்கும், வேறு பல சுவரோடு சுவராகத் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். எங்கள் வாசல் விருந்தாளியோ போர் விமானம் மாதிரி இருந்தது. குறுகிய, நீண்ட முன்றெக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருந்தன, உடல் தடித்து வால் பக்கம் கூம்பியிருந்தது. இந்தத் தோரணை ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். பருந்துப்பூச்சிகள் என்று சொல்லலாம். பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே தேன் உறிஞ்சும் கூட்டம் அது.

அடுத்து உணர்கொம்பு. பட்டாம்பூச்சிக்கு அதன் நுனி தீக்குச்சித் தலை போலத் தடித்திருக்கும். அந்துப்பூச்சிக்கு நூல் போலவோ இறகு போலவோ இருக்கும். இறகு போன்றது பெரும்பாலும் ஆணுக்கு, பெண் விடும் வாசனையைக் காற்றில் சலித்தெடுக்கும் சல்லடை அது. சேலம் வெண்பட்டு நெய்யும் ஊர்க்காரர்களுக்கு இதில் கொஞ்சம் உரிமை உண்டு. அப்படிப்பட்ட வாசனைப் பொருள் உலகில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது பட்டுப்பூச்சியிடமிருந்துதான். 1959இல் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டநாண்ட் அதைச் செய்துகாட்ட சுமார் 5 லட்சம் பூச்சிகள் தேவைப்பட்டன. நம் சுவரில் இருந்ததற்குத் தடித்த உணர்கொம்பு, நுனியில் லேசான கொக்கி. பருந்துப்பூச்சி என்பது உறுதியாயிற்று.

குடும்பம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. இந்த இடத்தில்தான் பூச்சியை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போக வேண்டும். புழுப்பருவத்தில் பெரும்பாலான இனங்கள் குறிப்பிட்ட சில செடிகளைத்தான் தின்னும், மற்றதைத் தொடாது. வீட்டுக்குள் வரும் மற்றவற்றையும் சாப்பாட்டை வைத்தே பிடிக்கலாம். அரிசி டிரம்மைத் திறந்ததும் சாம்பல் நிறத்தில் குட்டியாகப் பறப்பது அரிசி அந்து. சுவரில் வெள்ளரி விதை மாதிரி ஒட்டி, மெல்ல நகருமே ஒரு சாம்பல் கூடு, அதற்குள் இருப்பதும் ஒரு அந்துப்பூச்சியின் புழுதான். பட்டு நூலில் மணலும் தூசியும் சேர்த்து நெய்த சட்டை அது. இரண்டு பக்கமும் வாசல் உண்டு, எந்தப் பக்கமும் தலை நீட்டும். பழைய ஒட்டடையும் உதிர்ந்த முடியும்தான் சாப்பாடு. ஆக, அது நிறைய இருந்தால் வீட்டைக் கூட்டவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. மலைக்கு மேல் ஏற்காட்டில் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்தியது போல ஓட்டை விழுந்து அழுகினால், முள் வைத்த உறிஞ்சுகுழலால் தோலைத் துளைக்கும் ஒரு அந்துப்பூச்சியையும் சந்தேகிக்கலாம். அதன் புழு ஆரஞ்சு மரத்தைச் சீண்டாது, வேலியில் படரும் சீந்தில்கொடி வகைகளைத்தான் தின்னும்.

எங்கள் தோட்டம் என்பது முருங்கை, கறிவேப்பிலை, பூஜைக்கு நந்தியாவட்டை, அவ்வளவுதான். நந்தியாவட்டைக்குக் கீழே சிமெண்ட் தரையில் மிளகளவு புழுக்கைகள் கிடந்தன. அண்ணாந்து பார்த்தால் இரண்டு கிளையில் இலையே இல்லை, நடு நரம்பு மட்டும்.

"போன மாசம் ஒரு புழு இருந்துச்சு" என்றார் அம்மா, சாவகாசமாக. "வெரலு தண்டி. பச்சையா. நீலக் கண்ணு ரெண்ட முழிச்சு என்னையே பாத்துச்சு. குச்சில தள்ளிச் சுவத்துக்கு அந்தப்பக்கம் போட்டுட்டேன்."

இதைவிட நல்ல அடையாளம் எந்தச் செயலியும் தராது. அந்த நீலக் கண் கண்ணே அல்ல. தலைக்குச் சற்றுப் பின்னால், கறுப்பு விளிம்பும் வெள்ளை நடுவுமாக இருக்கும் இரண்டு பொட்டுகள். பயந்தால் புழு தலையை உள்ளிழுத்து, அந்த இடத்தை உப்ப வைக்கும், பாம்பு முறைப்பது மாதிரி தெரியும். வால் பக்கம் ஒரு சின்னக் கொம்பு. நந்தியாவட்டையிலும் அரளியிலும் வளர்ந்து, மண்ணுக்கு இறங்குமுன் பழுப்பாகி, சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகிறது. இதுதான் அரளிப் பருந்துப்பூச்சி. 1758இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது 'நேரியை' என்ற சொல்லைச் சேர்த்தார். லத்தீனில் 'அரளியின்' என்று பொருள்.

சேலத்துக்காரருக்கு அரளியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பனமரத்துப்பட்டிப் பக்கம் காடு காடாக அரளிதான், மொக்காகப் பறித்துப் பல ஊர்ச் சந்தைகளுக்கு அனுப்புகிறார்கள். ஆடு கூட அதில் வாய் வைக்காது, அவ்வளவு விஷம். நம் உடலின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் ஒரு பம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அரளியில் இருக்கும் ஒலியாண்ட்ரின் என்ற விஷம் அந்தப் பம்பில் ஆப்பு மாதிரி செருகிக்கொள்கிறது. பம்பு நின்றால் இதயத்தின் தாளம் குலைகிறது.

அப்படியானால் புழு எப்படி வயிறு புடைக்கத் தின்கிறது? எருக்கிலை தின்னும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் வழி நேரடியானது. ஆப்பு செருகிக்கொள்ளாதபடி பம்பின் உருவமே அதற்குக் கொஞ்சம் மாறியிருக்கிறது. அதனால் விஷத்தை உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளவும் முடிகிறது. அரளிப் பருந்துப்பூச்சிக்கும் அதே உத்திதான் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். 2009இல் ஹாம்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, அதன் பம்பு அரளி வகை விஷத்துக்கு மிக எளிதில் படுத்துவிடும் சாதாரணப் பம்பு என்று தெரிந்தது. தின்ற விஷம் குடலைத் தாண்டி ரத்தத்தில் தேங்குவதில்லை, அதுதான் காப்பாற்றுகிறது. வேடிக்கை என்னவென்றால், விஷத்தையே தின்று வளர்ந்தும் இதற்கு விஷம் சேர்வதில்லை. வெந்தய வரியன் பளிச்சென்ற ஆரஞ்சில் பகலில் தைரியமாக உலாவுவதும், இது பச்சையில் பச்சையாக ஒளிந்துகொள்வதும் அதனால்தான் என்பது என் கணிப்பு.

வாசல் லைட்டுக்குத்தான் வந்திருக்கும் என்றாள் மகள். விட்டில் விளக்கில் ஏன் விழுகிறது என்பதற்கே 2024இல் புதிதாக ஒரு விளக்கம் வந்தது. ராத்திரியிலும் வானம் தரையைவிட வெளிச்சமானது. பறக்கும் பூச்சிகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி, எது மேல் எது கீழ் என்று நிதானித்துக்கொள்கின்றன. பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தால் அதற்கு முதுகைத் திருப்பித் திருப்பி, விடுபட முடியாமல் சுற்றுகின்றன. ஆசையால் வந்து விழுவதில்லை, திசை கெட்டு மாட்டிக்கொள்கின்றன. அதே ஆய்வில் இந்தக் கோளாறைக் காட்டாமல் பறந்த விதிவிலக்குகளில் ஒன்று அரளிப் பருந்துப்பூச்சி. ஆகவே எங்கள் வாசல் லைட்டைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. நந்தியாவட்டைக்கும் அந்தச் சுவருக்கும் எட்டடி தூரம்தான்.

பகல் முழுக்க அது அசையவே இல்லை. சாயங்காலம் ஆறரைக்கு றெக்கைகள் நடுங்க ஆரம்பித்தன. குளிரவில்லை, இன்ஜின் சூடாகிறது. இந்தக் கனத்த உடம்பைத் தூக்க வேண்டுமானால் மார்புத் தசை 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற வேண்டும். அதற்காகப் பறக்காமலே தசைகளை உதறிக்கொள்கிறது. சில நிமிடம் அப்படி நடுங்கிவிட்டு, சட்டென்று எழும்பிப் பக்கத்து வீட்டு முல்லைப் பந்தல் பக்கம் போய்விட்டது.

நாலு நாள் கழித்து நந்தியாவட்டை இலைக்கு அடியில் ஜவ்வரிசியைவிடச் சின்னதாக, வெளிர் பச்சையில் ஒரு முட்டை. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார், உள்ளே போய் ஒரு பழைய துணிக்கிழிசலை எடுத்து வந்து அந்தக் கிளையில் முடிச்சுப் போட்டார்.

"இந்தக் கெள மட்டுந்தான் அதுக்கு. சாமிப் பூவு பறிக்கிற கெளையில ஏறுச்சுன்னா மறுபடியும் சுவத்துக்கு அந்தப்பக்கந்தான்."