‘ஃபிக்ஸ்டு டொனேஷன்’: சொல் விளக்கம்

அமெரிக்காவில் தோன்றிய சயின்டாலஜி என்னும் புதிய சமய அமைப்பின் வருவாயைப் பற்றித் தமிழில் எழுத முற்படுபவர் முதலில் இடறி நிற்கும் சொல் ‘ஃபிக்ஸ்டு டொனேஷன்’. அகராதியைத் திறந்து சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘நிலையான நன்கொடை’ என்று வரும். மாதந்தோறும் தவறாமல் வந்து சேரும் நன்கொடை என்றே படிப்பவர் அதற்குப் பொருள் கொள்வார். அது பிழை. ‘ஃபிக்ஸ்டு’ என்பது இங்கே தொகை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருப்பதைக் குறிக்கிறது; வரையறுப்பவர் கொடுப்பவர் அல்லர், பெறுபவர். அப்படிப் பெறுபவரே தொகையைக் குறித்துவிட்ட பின்னும் அதை நன்கொடை என்று அழைக்கலாமா என்ற வழக்கு இச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது; அமெரிக்காவில் அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

எல். ரான் ஹப்பார்டு தொடங்கிய சயின்டாலஜி, 1953 டிசம்பரில் நியூ ஜெர்சி மாநிலத்தில் தேவாலயம் என்ற பெயரில் பதிவு செய்யப்பட்டது. அதன் மையச் சடங்கு ‘ஆடிட்டிங்’. (இதைத் ‘தணிக்கை’ என்று மொழிபெயர்த்தவர்கள் உண்டு, கேட்டல் என்னும் பொருள்தரும் இலத்தீன் வினையிலிருந்து வந்த இச்சொல்லை, ஒருவர் வினவ மற்றவர் தம் நினைவுகளைச் சொல்ல, வினவியவர் கேட்டிருக்கும் அமர்வு என்ற பொருளிலேயே அவ்வமைப்பு வழங்குகிறது.) ஆடிட்டிங் அமர்வுகளுக்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் செலுத்த வேண்டிய தொகைக்கே ‘ஃபிக்ஸ்டு டொனேஷன்’ என்று பெயர். நீதிமன்றப் பதிவின்படி, 1972இல் பன்னிரண்டரை மணி நேர ஆடிட்டிங்குக்கு 625 டாலரும், நூறு மணி நேரத்துக்கு 4,250 டாலரும் பொது விகிதங்களாக இருந்தன. சிறப்பு வகைகளுக்கு இதைவிடக் கூடுதல். முன்பணம் செலுத்தியவர்களுக்கு 5 சதவீதத் தள்ளுபடி இருந்தது. பயன்படுத்தாத மணி நேரத்துக்குரிய பணம், நிர்வாகச் செலவைக் கழித்துக்கொண்டு, பெரும்பாலும் திருப்பித் தரப்பட்டது. அமைப்பின் முதன்மை வருவாயே இதுதான். இதற்குச் சமய அடிப்படை ஒன்றும் சொல்லப்படுகிறது: ஒன்றைப் பெறுபவர் ஈடாக ஒன்றைத் தந்தாக வேண்டும், தராவிடில் அவருடைய ஆன்ம நிலை தாழும் என்ற ‘பரிமாற்றக் கோட்பாடு’.

சொல்லின் வேரைப் பார்த்தால், ‘டொனேஷன்’ இலத்தீனில் கொடைப்பொருளைக் குறிக்கும் ‘டோனும்’ என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வடமொழித் ‘தானம்’ அதற்கு உடன்பிறப்பு. இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. ‘ஃபிக்ஸ்டு’ என்பதன் மூலமான இலத்தீன் வினைக்கு அடித்துப் பொருத்துதல், இறுகப் பிணித்தல் என்று பொருள். அசையவிடாமல் பிணிப்பதைக் குறித்த சொல்லும், கையைத் திறந்து விடுவதைக் குறித்த சொல்லும் ஒரே தொடரில் அமர்ந்திருக்கின்றன.

இந்தத் தொகையை அறக்கொடையாகக் கருதி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமா என்பதே, முன்னர் சொன்ன, உச்ச நீதிமன்றம் வரை சென்ற எர்னாண்டஸ் வழக்கின் கேள்வி. 1989 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில், கூடாது என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி துர்குட் மார்ஷல், கொடுத்தவரின் உள்நோக்கத்தை ஆராயப் புகவில்லை. விலைப்பட்டியல் இருக்கிறது, தொகைக்கேற்ப மணி நேரம் கூடிக் குறைகிறது, பயன்படுத்தாத பகுதிக்குப் பணம் திரும்பக் கிடைக்கிறது, பணமில்லாமல் சேவை கிடையாது என்ற புற அடையாளங்களை வைத்தே இது ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறும் பரிமாற்றம் என்று முடிவு செய்தார். இதைக் குறிக்கும் ‘க்விட் ப்ரோ க்வோ’ என்ற இலத்தீன் தொடருக்குத் தமிழில் ‘கைம்மாறு’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கைம்மாறு நன்றியுணர்வால் பின்னர் செய்யப்படுவது. கைம்மாறு கருதாத உதவி என்கிறோமே தவிர, கைம்மாறுக்கு விலை குறிப்பதில்லை. இதைவிடத் துல்லியமான சொல் நம் பழைய இலக்கியத்தில் இருக்கிறது: குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தருவது என்பது அதன் பொருள். புறநானூற்றில், குமணனிடம் பெற்று வந்த பரிசிலைப் பகிரச் சொல்லும் பெருஞ்சித்திரனார், குடும்பத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தவர்களுக்கும் கொடு என்று மனைவியிடம் கூறுகிறார். வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றவை எல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மை உடையவை என்று பிரித்த வள்ளுவர், மார்ஷல் வரைந்த கோட்டைவிடக் கடுமையான கோட்டை வரைந்திருக்கிறார். அந்தக் கோட்டுக்கு உள்ளே சமயக் கொடைகளில் பல தேறா.

மாறுபட்ட தீர்ப்பெழுதிய சாண்ட்ரா டே ஓ’கானரின் வாதம், அவருடன் அன்டனின் ஸ்கலியாவும் சேர்ந்துகொண்ட அந்த வாதம், ஏறத்தாழ இந்த இடத்தைத்தான் தொட்டது. தேவாலயத்தில் இருக்கைக்குச் செலுத்தும் வாடகை, யூதர்கள் பெருநாள் வழிபாட்டுக்கு வாங்கும் அனுமதிச்சீட்டு, கத்தோலிக்கர் திருப்பலிக்குத் தரும் தொகை ஆகியவற்றுக்கெல்லாம் வரிக்கழிவு வழங்கிவிட்டு, இந்த ஒரு சமயத்துக்கு மட்டும் மறுப்பது எப்படி என்று அவர் கேட்டார். அதற்குப் பின் நடந்தது விந்தையானது. 1993 அக்டோபரில் வரித்துறை சயின்டாலஜி அமைப்புகளுக்கு வரிவிலக்கு அளித்தது. அவ்வாண்டே, இத்தகைய தொகைகளுக்குக் கழிவில்லை என்று கூறிய தன் 1978ஆம் ஆண்டு விதியையும் கைவிட்டது. தீர்ப்பு மாற்றப்படவில்லை; நடைமுறை மாறிவிட்டது.

இனி, தமிழில் எதை வைப்பது? ‘நன்கொடை’ பொருந்தாது. ‘கொடு என் கிளவி உயர்ந்தோன் கூற்றே’ என்று தொல்காப்பியம் கொடு என்னும் சொல்லை உயர்ந்தோன் இரக்கும் இடத்துக்கு உரியதாக்கினாலும், கொடையில் அளவைத் தீர்மானிப்பவன் கொடுப்பவனே. ‘தட்சிணை’ சற்று நெருங்கி வருகிறது. கேட்டு வாங்கும் தட்சிணை உண்டு என்பதற்கு ஏகலைவனின் கட்டைவிரலே சான்று. ஆனால் அது வேள்வியோ கல்வியோ முடிந்தபின் தருவது. இங்கோ பணம் முந்துகிறது. ‘தசமபாகம்’ வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. ஏழைக்குக் குறைவாகவும் செல்வந்தருக்குக் கூடுதலாகவும் அமையும். பட்டியல் விலை அப்படி ஆள் பார்த்து அமைவதில்லை. ‘டொனேஷன்’ என்பதை அப்படியே விட்டுவிடலாமே என்றால், தமிழ்நாட்டுப் பேச்சில் அச்சொல்லின் கதை வேறு: கல்லூரியில் டொனேஷன் கேட்கிறார்கள் என்று சொல்லும்போது நன்கொடை கேட்கிறார்கள் என்று எவரும் புரிந்துகொள்வதில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த கட்டாய வசூலைத்தான் அச்சொல் குறிக்கிறது. சயின்டாலஜியின் தொகையை அப்பெயரால் எழுதினால், விளக்கத்துக்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்.

எஞ்சுபவை இரண்டு: காணிக்கை, கட்டணம். பெரியோரையோ தெய்வத்தையோ காணச் செல்கையில் வைப்பது காணிக்கை. ‘காண்’ என்பதே அதன் அடி. கட்டு என்னும் அடியில் பிறந்தது கட்டணம். பணம் ‘கட்டுகிறோம்’ என்னும் வழக்கும், பிணித்தலைக் குறித்த ‘ஃபிக்ஸ்டு’ என்பதும் இங்கே எதிர்பாராமல் கைகோக்கின்றன. நம் கோயில்களில் இவ்விரு சொற்களும் குழப்பமின்றி வழங்குகின்றன: உண்டியலில் இடுவது காணிக்கை, அர்ச்சனைச் சீட்டுக்கும் சிறப்பு தரிசனத்துக்கும் தருவது கட்டணம். ஓ’கானரின் பட்டியலில் அர்ச்சனைச் சீட்டையும் சேர்த்திருக்கலாம்.

இரண்டையும் இணைத்தால் தமிழ் இலக்கணம் ஒரு பக்கம் சாயச் சொல்கிறது. நம் தொகைச்சொல்லில் முன்சொல் அடை, பின்சொல்லே பொருள். ‘கட்டணக் காணிக்கை’ என்றால் அது காணிக்கைதான், கட்டணம் போல் அளவு குறிக்கப்பட்டது என்று பொருள். அமைப்பு சொல்வதும் இதுவே. ‘காணிக்கைக் கட்டணம்’ என்றால் அது கட்டணம், காணிக்கை என்ற பெயரில் பெறப்படுவது. நீதிமன்றப் பெரும்பான்மை சொன்னது இது. அமைப்பின் கூற்றை எடுத்துரைக்கும் இடத்தில் முதலாவதும், எழுதுபவரே விவரிக்கும் இடத்தில் இரண்டாவதும் ஏற்றவை என்பது என் முடிவு. விலைப்பட்டியலும் முன்பணத் தள்ளுபடியும் உள்ள இடத்தில் பின்சொல்லாகக் கட்டணமே நிற்க வேண்டும்.

‘காணிக்கைக் கட்டணம்’ என்ற இச்சொல்லை மற்றப் புதிய சமய இயக்கங்களுக்கு நீட்டக் கூடாது. ஜப்பானில், கொரியாவில் தோன்றிய ஒருங்கிணைப்புத் திருச்சபை என்னும் இயக்கத்தினர் தருவதைக் குறிக்கும் ‘கென்கின்’ என்ற சொல்லுக்கு, எழுத்துக்கு எழுத்து, படைக்கும் பணம் என்று பொருள். அங்கே காணிக்கை என்பதே சரி. அங்கு எழுந்த குற்றச்சாட்டு விலைப்பட்டியலைப் பற்றியதன்று, மூதாதையர் வினையைச் சொல்லி அச்சுறுத்தி வரம்பின்றிப் பறித்ததைப் பற்றியது. 2022 டிசம்பரில் அந்நாடு இயற்றிய சட்டமும் நன்கொடை கேட்கும் முறையையே கட்டுப்படுத்துகிறது. சயின்டாலஜிக்குள்ளேயும், 1984இல் தொடங்கிய அதன் பன்னாட்டு உறுப்பினர் சங்கத்துக்குப் பெருந்தொகை தருபவர்கள் ஈடாக ஆடிட்டிங் மணி நேரம் பெறுவதில்லை, பட்டங்களையே பெறுகிறார்கள். அத்தொகையைக் கொடை என்று எழுதலாம். பட்டத்துக்குப் ‘புரவலர்’ என்ற சொல் நம்மிடம் ஆயத்தமாகவே இருக்கிறது.