வெளிப்படைக்கு எதற்குக் கண்ணாடி?

இணையக் குழு ஒன்றை மேய்த்துக்கொண்டிருக்கும் நண்பர் தன் திரையைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். உறுப்பினர்கள் போடும் பதிவுகளை நீக்கப் பயன்படும் கருவி. இப்போது தமிழிலும் கிடைக்கிறதாம். அமைப்புகளுக்கு நடுவே ஒரு வரி: ‘நீக்கல் ஒளிபுகுதன்மை’. பக்கத்தில் இயக்கவும் நிறுத்தவும் ஒரு பொத்தான். “அண்ணே, இதைப் போட்டா நீக்கின பதிவு மங்கலாத் தெரியுமா?” என்று கேட்டிருந்தார்.

கேள்வியில் தப்பில்லை. படம் திருத்தும் செயலியில் இதே சொல் அந்த வேலையைத்தான் செய்கிறது. இங்கே பொத்தான் செய்வது வேறு. ஒரு பதிவை எடுத்தால், எந்த விதிப்படி எடுத்தார்கள் என்று எழுதியவருக்கு ஒரு செய்தி போகும். குழுவின் நீக்கல் பதிவேட்டில் எல்லாரும் பார்க்கும்படி ஒரு வரி ஏறும். மூலத்தில் டிரான்ஸ்பரன்சி என்று இருந்திருக்கும்; இந்த இடத்தில் அதற்குப் பொருள் வெளிப்படை. மொழிபெயர்த்தவர் இயற்பியல் பாடப்புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

ஒரு தடவை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு கருத்தரங்க அழைப்பிதழில் ‘ஒளிபுகு நிர்வாகம்’ பார்த்தேன். ஒரு கொள்கை அறிக்கையின் தமிழாக்கத்தில் ‘ஒளிபுகுமை’ பார்த்தேன். அதைப் போட்டவரிடமே கேட்டதற்கு, “வெளிப்படைங்கறது பேச்சுவழக்குச் சொல், இது கலைச்சொல்” என்று விளக்கம் வந்தது. மூன்றாவதாக இந்தப் பொத்தான். இனிமேல் எழுதாமல் இருக்க முடியாது.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இலத்தீனில் ‘டிரான்ஸ்’ என்றால் ஊடாக, ‘பாரேரே’ என்றால் தோன்றுதல். ஊடாகத் தோன்றவிடுவது. கண்ணாடிக்கும் நீருக்கும் சொன்னதைப் பின்னாளில் கணக்குவழக்குக்கும் ஆட்சிக்கும் ஏற்றிச் சொன்னார்கள். இந்தியும் தெலுங்கும் கன்னடமும் ‘பாரதர்சக’ என்ற வடசொல்லிலிருந்து எடுத்துக்கொண்டன. அதுவும் மறுபக்கத்தைக் காட்டுவது என்ற அதே கண்ணாடிதான். ரஷ்ய மொழி வேறு வழியில் போயிற்று. 1980களின் பிற்பாதியில் சோவியத் தலைவர் கோர்பசேவ் உலகம் முழுக்கத் தெரியவைத்த ‘கிளாஸ்னஸ்த்’ குரல் என்ற வேரிலிருந்து பிறந்தது. அங்கே கண்ணாடி இல்லை; வாய் இருக்கிறது. ஒரே கருத்துக்கு எல்லா மொழியும் சன்னல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

நம்மிடமும் சன்னல் இல்லை. ஒன்று தெளிவாகத் தெரிகிறது என்பதற்குத் தமிழன் சொன்ன உவமைகள் உள்ளங்கை நெல்லிக்கனியும் வெள்ளிடைமலையும். வெள்ளிடை என்பது திறந்தவெளி. அதில் நிற்கும் மலை யார் கண்ணுக்கும் தப்பாது. இரண்டிலுமே எதையும் ஊடுருவிப் பார்க்க வேண்டியதில்லை. பார்க்கவேண்டிய பொருளே முன்னால் வந்து நிற்கிறது. ‘வெளிப்படை’யும் அப்படித்தான்: வெளியில் படுவது, வெளியே வந்து நிற்பது.

பேச்சுவழக்குச் சொல், கலைச்சொல் ஆகாது என்றாரே, அவர் நன்னூலைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அதில் வெளிப்படை ஒரு கலைச்சொல். சொற்கள் பொருள் தரும் வழியைப் பேசும்போது ஆகுபெயர், அன்மொழித்தொகை முதலியவற்றைக் குறிப்பால் பொருள் தருவன என்று வரிசைப்படுத்திவிட்டு, அவை அல்லாதவை எல்லாம் வெளிப்படை என்கிறார் பவணந்தியார். ‘ஊர் சிரித்தது’ என்றால் குறிப்பு. ‘ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள்’ என்றால் வெளிப்படை. கேட்பவர் தானாக ஊகித்து நிரப்பிக்கொள்ள வேண்டிய இடம் எதுவும் இல்லை.

இந்த வேறுபாட்டை அப்படியே நீக்கல் கருவிக்குக் கொண்டுவந்து பாருங்கள். ‘உங்கள் பதிவு சமூக நெறிகளுக்குப் பொருந்தவில்லை’ என்று வருகிறதே, அது குறிப்பு. எந்த நெறி, எந்த வரி, யார் முடிவு, மறுக்க வேண்டுமானால் எங்கே போவது எல்லாவற்றையும் நாம்தான் ஊகிக்க வேண்டும். ‘மூன்றாம் விதிப்படி நீக்கினோம், இரண்டாம் பத்தியில் இன்னொருவரின் தொலைபேசி எண் இருந்தது, மறுப்பு இருந்தால் இங்கே எழுதுங்கள்’ என்றால் வெளிப்படை. இதைவிடத் துல்லியமான கலைச்சொல்லை எவர் புதிதாகச் செய்துவிட முடியும்?

சரி, ஒளிபுகுதன்மைக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் ஒளி புகும் பொருள், ஒளி கசியும் பொருள், ஒளி புகாப் பொருள் என்று படித்தோம். அந்த இடத்தில் நல்ல சொல். பொருளின் இயல்பை அப்படியே சொல்கிறது. கேடு அதை இடம்பெயர்க்கும்போது வருகிறது. நல்ல கண்ணாடியின் சிறப்பு, அது இருப்பதே தெரியாமல் இருப்பது. தெரியாமல் போய் முட்டிக்கொள்கிறோம் அல்லவா? நீக்கல் விஷயத்தில் நாம் கேட்பது நேரெதிரானது. நீக்கிய கை தெரிய வேண்டும். நீக்கிய இடத்தில் தழும்பு இருக்க வேண்டும்.

இதை நான் வார்த்தை விளையாட்டாகச் சொல்லவில்லை. கணினித் துறையிலேயே அந்த ஆங்கிலச் சொல் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பொருளில் புழங்குகிறது. டிரான்ஸ்பரன்ட் பிராக்ஸி என்றால், உங்கள் இணையப் போக்குவரத்து நடுவில் ஓர் இடைநிலைக் கணினி வழியாகப் போகிறது, உங்களுக்கு அது தெரியவே தெரியாது என்று பொருள். டிரான்ஸ்பரன்சி ரிப்போர்ட் என்றால், கூகுள் 2010இல் தொடங்கிவைத்தது போல, அரசுகள் எதைக் கேட்டன, எதை நீக்கச் சொன்னன என்று கணக்கை வெளியில் வைப்பது. முதலாவது பொருளில் பார்த்தால் உலகிலேயே மிகச் சிறந்த ‘ஒளிபுகு’ நீக்கம் நிழல் தடைதான். எழுதியவருக்கு அவர் பதிவு இருந்த இடத்தில் இருப்பதுபோலவே தெரியும், மற்ற யாருக்கும் தெரியாது. யாருமே வரவில்லையே என்று அவர் காத்துக்கொண்டிருப்பார். ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில், குழுவை மேற்பார்க்கும் மட்டுறுத்துநர் ஒரு கருத்தை எடுத்துவிட்டுச் செய்தி எதுவும் அனுப்பவில்லை என்றால், எழுதியவர் தன் கணக்கிலிருந்து பார்க்கும்போது அது அங்கேயே இருப்பதுபோலத்தான் இருக்கும். பளிங்கு போன்ற வேலை! இதற்கு ஒளிபுகுதன்மை என்று பெயர் வைத்தால் மறுக்கமாட்டேன்.

இன்னொன்று, தமிழ் தெரிந்தவர் காதில் உடனே உறுத்த வேண்டியது. தமிழில் ஒளி என்றால் வெளிச்சம் மட்டுமல்ல. ஒளிந்துகொள், ஒளித்துவை, ஒளிவு எல்லாம் அதே எழுத்துகள்தான். ஒளிபுகு நீக்கம் என்பதை ஒளிவிடத்தில் புகுந்துகொண்ட நீக்கம் என்று ஒருவர் படித்தால் அவரைத் திருத்த நம்மிடம் என்ன இருக்கிறது?

(மட்டுறுத்துநர் என்று எழுதியதும் ‘மட்டுறுத்துனர்’ அல்லவா என்று ஒருவர் வருவார். மட்டுறுத்து என்ற ஏவலோடு நர் சேர்கிறது. இயக்குநர், ஓட்டுநர், பெறுநர் போல. மட்டு என்றால் அளவு. அளவில் நிறுத்துபவர். நல்ல ஆக்கம், வலைப்பதிவுக் காலத்திலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அட்மின் என்று சொல்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை.)

தூய்மை விரும்பும் நண்பர்கள் சிலர் ‘ஒளிவுமறைவின்மை’யைப் பரிந்துரைப்பார்கள். அழகான சொல். மனம்விட்டுப் பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் இந்த வேலைக்கு அது வாக்குக் கொடுப்பது அதிகம். எதையுமே மறைக்கமாட்டோம் என்கிறது. மட்டுறுத்துநரோ சிலவற்றை மறைத்தே ஆகவேண்டும். ஒருவரின் வீட்டு முகவரியைப் போட்ட பதிவை நீக்கிவிட்டு, இதோ நாங்கள் நீக்கியது என்று அந்த முகவரியையே பதிவேட்டில் ஏற்றினால் என்ன ஆவது? விக்கிப்பீடியாவில் இதற்குப் படிநிலையே இருக்கிறது. ஒரு பக்கத்தை நீக்கினால் யார், எப்போது, ஏன் என்பது நீக்கல் பதிவேட்டில் எவரும் பார்க்கும்படி நிற்கும். நீக்கிய உரை நிற்காது. தனிப்பட்ட விவரங்கள் கசிந்திருந்தால் அதற்குமேல் ஒரு மறைப்பு உண்டு; அது பொதுப் பதிவேட்டிலும் வராது. செயல் வெளிப்படை, பொருள் மறைவு. இந்தப் பிரிவினையை ஒளிவுமறைவின்மை தாங்காது, வெளிப்படை தாங்கும். அதைவிட மோசம், சிலர் போடும் ‘அம்பலம்’. அம்பலப்படுத்துவது குற்றவாளியை. நீக்கலைச் சொல்வதற்காக எழுதியவரை நடுவீதியில் நிறுத்துவது யாருடைய நோக்கமும் இல்லை.

வெளிப்படைக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு, அதை மறைத்தால் நானே ஒளிபுகுந்தவன் ஆவேன். ஆங்கில எக்ஸ்ப்ளிசிட்டுக்கும் இதே சொல்லைத்தான் போடுகிறார்கள். விளைவு, ‘வெளிப்படையான உள்ளடக்கத்தை நீக்குவதில் வெளிப்படைத்தன்மை’ என்ற வரியை என் கண்ணாலேயே படித்தேன். ஆனால் இது வெளிப்படையின் குற்றமா? பாலியல் காட்சி என்றோ ஆபாசம் என்றோ சொல்லவேண்டிய இடத்தில் கூச்சப்பட்டு வெளிப்படை என்று போட்டவரின் குற்றம். பச்சையாக என்று நாம் சொல்வதில்லையா? பச்சையான காட்சி என்று எழுதினால் தீர்ந்தது.

இனி அந்த ‘தன்மை’. வெளிப்படை என்பதே பெயர்ச்சொல். அதற்குப் பின்னால் ஏன் ஒரு தன்மை? நம்பகத்தன்மை, பன்முகத்தன்மை, இணக்கத்தன்மை, அணுகல்தன்மை, பொறுப்புத்தன்மை என்று ஆங்கிலச் சொல்லின் வாலில் ‘டி’யோ ‘சி’யோ கண்டால் போதும், கை தானாக ஒரு தன்மையை ஒட்டிவிடுகிறது. பொறுப்பு என்றால் போதாதா? தன்மையை ஒட்டியதும் செய்யவேண்டிய செயல் ஒன்று, இருக்கவேண்டிய குணமாக மாறிவிடுகிறது. ‘எங்களிடம் வெளிப்படைத்தன்மை இருக்கிறது’ என்று ஒரு நிறுவனம் சொல்லிக்கொள்ளலாம். உப்புக்குக் கரிப்பு இருப்பதுபோல. ‘நாங்கள் வெளிப்படையாக நீக்குகிறோம்’ என்று சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும்: எப்படி, காட்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ் இலக்கணத்தில் தன்மை என்றால் பேசுபவர்; நான், நாங்கள். கண்ட சொல்லுக்கெல்லாம் தன்மை ஒட்டுகிறவர்கள், அது உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். எல்லாக் கருவியும் ‘உங்கள் பதிவு நீக்கப்பட்டது’ என்கிறது. படர்க்கை, செயப்பாட்டுவினை. செய்தவர் யார் என்று சொல்லாமல் தப்பிக்க மொழியில் உள்ள மிக வசதியான வாசல். பேச்சில் நாம் இப்படிப் பேசவே மாட்டோம். ‘என் போஸ்ட்டைத் தூக்கிட்டாங்க’ என்றுதான் சொல்கிறோம். அந்த ‘ஆங்க’ளில் யாரோ ஒருவர் இருக்கிறார்.

மூல ஆங்கிலம் செய்யும் வேறுபாட்டைக்கூட நாம் தொலைத்துவிடுகிறோம். ரெட்டிட்டில் எழுதியவரே எடுத்தால் ஒரு சொல், மட்டுறுத்துநர் எடுத்தால் இன்னொரு சொல்: டெலீட்டட், ரிமூவ்டு. பழகியவர்கள் அதைப் பார்த்தே யார் கை என்று தெரிந்துகொள்வார்கள். தமிழில் இரண்டையும் ‘நீக்கப்பட்டது’ என்று போட்டால் அந்தத் தடயமும் போச்சு. ‘எழுதியவர் அழித்துவிட்டார்’, ‘மட்டுறுத்துநர் நீக்கினார்’ என்பதில் என்ன கஷ்டம்? இணையத்தின் அடித்தளத்திலேயே இந்த நுட்பம் உண்டு. கேட்ட பக்கத்தைத் தரமுடியாதபோது தளம் ஓர் எண்ணைப் பதிலாக அனுப்பும். 404 என்றால் காணோம், அவ்வளவுதான். 410 என்றால் இருந்தது, எடுத்தாயிற்று. 2016இல் வரையறுத்த 451, சட்டக் காரணத்தால் தரமுடியவில்லை என்கிறது. யார் கேட்டார், எந்தச் சட்டப்படி என்பதையும் பக்கத்தில் எழுதச் சொல்கிறது. எண்ணுக்கு இருக்கும் வெளிப்படை நம் வினைச்சொல்லுக்கு இல்லை.

பதிவுகளை நீக்கும் நிறுவனங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும், 2018இல் வந்த சாண்டா கிளாரா கோட்பாடுகளைப் பாருங்கள். இந்தத் துறையில் எல்லாரும் முதலில் எடுத்துக்காட்டுவது அதைத்தான். 2021இல் விரித்தும் எழுதினார்கள். முதல் வடிவம் கேட்டது மூன்று: எத்தனை நீக்கினீர்கள் என்று எண்ணிச் சொல், நீக்கியதை உரியவருக்கு அறிவி, மேல்முறையீட்டுக்கு வழி விடு. மூன்றும் வினை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் (டிஜிட்டல்) சேவைச் சட்டம் 17ஆம் பிரிவில், நீக்கினால் காரணத்தைத் தெளிவாக, திட்டவட்டமாக எழுதிக்கொடு என்கிறது. அதுவும் வினைதான். 2019இல் வெளியான ஓர் ஆய்வு ரெட்டிட்டின் 3.2 கோடிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. நீக்கியதற்குக் காரணம் சொல்லப்பட்டவர்களின் பதிவுகள் பிறகு நீக்கப்படும் வாய்ப்பு குறைந்திருந்தது. தன்மை இருந்ததாலா? யாரோ ஒருவர் உட்கார்ந்து இரண்டு வரி எழுதியதால்.

நண்பருக்குப் பதில் எழுதினேன்: மங்கலாகத் தெரியாது, தம்பி; காரணம் போகும், பொத்தானைப் போட்டுவை. கருவியின் மொழிபெயர்ப்புப் பக்கத்துக்கும் போய், ‘நீக்கிய காரணத்தைக் காட்டு’ என்று மாற்றுச் சொல் கொடுத்திருக்கிறேன். எழுத்து எண்ணிக்கை கூடுதல் என்று ஒரு மஞ்சள் முக்கோணம் வந்தது. ‘காரணம் காட்டு’ என்று குறைத்தேன், ஏற்றுக்கொண்டது. இப்போது அந்த வரிக்குக் கீழே ‘பரிசீலிக்கப்படுகிறது’ என்று இருக்கிறது. யார் பரிசீலிக்கிறார் என்று போடவில்லை.